உதை இடுப்பில் பிறக்கிறது

விக்கிரமங்கலத்தில் எங்கள் வயல் கிணற்றில் எனக்கு நீச்சல் பழக்கியவர் சித்தப்பா. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட்டு, கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்துகொள்வார். அவர் சொன்ன பாடம் ஒன்றுதான். "முட்டிய மடக்காதடா, தொடயிலேருந்து அடி." கிணற்றை நாலு சுற்றுச் சுற்றி வந்தால் தொடை விண்ணென்று தெறிக்கும். தொடை வலித்தால் சரியாக நீந்தியிருக்கிறோம், கெண்டைக்கால் வலித்தால் தப்பாக நீந்தியிருக்கிறோம் என்பது அவர் கணக்கு. ஏன் என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

காரணம் தெரிந்துகொள்ள இருபது வருடம் ஆனது. இடம், புதுச்சேரிக் கடல். முதுகில் காற்று உருளை, காலில் ஃபின் என்னும் நீண்ட துடுப்பு, தலைக்குமேல் பன்னிரண்டு மீட்டர் தண்ணீர். எதிர்நீரோட்டம் லேசாகத்தான் இருந்தது. பத்து நிமிடம் உதைத்திருப்பேன், வலது கெண்டைக்காலில் குரக்களி இழுத்தது. சதை உருண்டு திரண்டு கல்லாகிவிட்டது. பயிற்சியாளர் பார்த்துவிட்டார். ஃபின்னின் நுனியைப் பிடித்து, என் முழங்காலை நீட்டவைத்து, பாதத்தை என் பக்கமாக மெல்ல அழுத்தினார். அரை நிமிடத்தில் கல் கரைந்தது.

கரைக்கு வந்ததும் காலை நீவிவிடச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "ஒத்தக்கால்ல நில்லுங்க சார்." வலது காலில் நின்றேன். தூக்கிய இடது பக்கத்து இடுப்பு சரிந்து தொங்கியது. "வலி கால்ல இருக்கு சார். கோளாறு இடுப்புல இருக்கு."

அவர் செய்தது நூறு வருடத்துக்கும் மேல் பழைய சோதனை. 1895-இல் ஃப்ரீட்ரிக் டிரெண்டலென்பர்க் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் எழுதிவைத்தது. ஒற்றைக்காலில் நிற்கும்போது, ஊன்றிய காலின் பக்கவாட்டுப் புட்டத் தசைதான் இடுப்பெலும்பு சரியாமல் இழுத்துப் பிடிக்கவேண்டும். அது தளர்ந்திருந்தால் எதிர்ப்பக்கம் இறங்கிவிடும். நாற்காலியிலேயே பத்து வருடம் ஓட்டியவனின் இடுப்பு அன்று உண்மையைச் சொல்லிவிட்டது.

எங்கள் பக்கத்து மனிதர் கடலுக்குள் போவதைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். எங்கள் அரியலூர் மாவட்டத்தில் கடல் இல்லை. ஆனால் இருந்தது. கிரெட்டேசியஸ் காலத்தில், சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி, இந்த நிலத்தின் மேல் கடல் ஏறி இறங்கியிருக்கிறது. இன்று சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடலின் மிச்சம். அதற்குள் கிடைத்த சிப்பிகளையும் சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளையும் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அம்மோனைட் தண்ணீரை உள்வாங்கிப் பீய்ச்சி, அந்த உந்தலில் நகர்ந்த உயிர் என்கிறார்கள். கால் கொண்டு நிலத்தில் நடக்கப் பிறந்த நமக்கு அந்த வசதி கிடையாது. நடக்க அமைந்த உறுப்பை வைத்துத்தான் நீரைத் தள்ளியாகவேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. வெறுங்காலால் உதைத்தால் பாதத்தின் பரப்பளவுக்குத்தான் நீர் தள்ளப்படும். பிரான்ஸின் லூயி தெ கோர்லியூ 1933-இல் காப்புரிமை பெற்ற ரப்பர் ஃபின் அந்தப் பரப்பைப் பலமடங்கு பெருக்கியது. பத்து வருடம் கழித்து, 1943-இல், கூஸ்தோவும் கான்யானும் சேர்ந்து உருவாக்கிய அக்வாலங் மனிதனுக்கு நீரடியில் மூச்சுக் கொடுத்தது. மூச்சுக்கருவியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஃபின்னைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஃபின் போட்டதும் கால் நீண்டுவிடுகிறது என்பதை உடம்பு உடனே கண்டுகொள்கிறது, நாம் கண்டுகொள்வதில்லை.

ஏற்றம் இறைத்த தலைமுறைக்கு இதை விளக்கவேண்டியதே இல்லை. துலாவின் நுனியில் சால் தொங்குகிறது. நுனி அச்சிலிருந்து தள்ளிப்போகப்போக, அச்சுக்கு இந்தப்புறம் இறங்கவேண்டிய ஆளின் பலமும் கூடவேண்டும். காலுக்கு அச்சு இடுப்பு மூட்டு. பந்தும் கிண்ணமுமாகப் பொருந்திய மூட்டு அது. ஃபின்னின் நுனியில் நீர் கொடுக்கும் எதிர்ப்பு முழுவதும் அந்தக் கிண்ணத்தைச் சுற்றியுள்ள தசைகள் மீதுதான் வந்து விழுகிறது.

காலை முன்னே கொண்டுவருவது சோயஸ் என்னும் தசை. கீழ் முதுகெலும்பின் பக்கங்களில் தொடங்கி, வயிற்றுக்குப் பின்னால் இறங்கி, இடுப்பெலும்பின் உட்குழியிலிருந்து வரும் இன்னொரு தசையோடு சேர்ந்து தொடையெலும்பின் உட்புறத்தில் ஒட்டுகிறது. வெளியிலிருந்து தொட்டுப் பார்ப்பதே கடினம் என்பதால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. காலைப் பின்னே தள்ளுவது பெரிய புட்டத் தசையும் பின்தொடைத் தசைகளும். உடம்பிலேயே பெரிய தசை அந்தப் புட்டத் தசைதான். கால் இரண்டும் பக்கவாட்டில் அலையாமல் நேர்கோட்டில் போய்வர, டிரெண்டலென்பர்க் சோதித்த பக்கவாட்டுத் தசை காவல் நிற்கிறது.

நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்குச் சோயஸ் குறுகிய நிலையிலேயே கிடந்து இறுகுகிறது. புட்டத் தசைக்கு வேலையே வருவதில்லை. அப்படிப்பட்ட இடுப்போடு ஃபின் மாட்டினால், சுமையைத் தாங்கமுடியாத உடம்பு ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடிக்கிறது. முழங்காலை மடக்குகிறது. மடக்கியதும் நெம்புகோல் குட்டையாகி இடுப்புக்குச் சுமை குறைந்துவிடும். ஆனால் ஃபின் தண்ணீரைத் தள்ளாமல் வெட்டிக்கொண்டு மேலும் கீழும் போகும். சைக்கிள் மிதிப்பதுபோல் கால் சுழலும், ஆள் நகரமாட்டார். நகரவில்லை என்று தெரிந்ததும் கணுக்காலை விறைத்து, பாதத்தால் நீரைத் தள்ளப் பார்ப்பார். அந்த வேலை கெண்டைக்காலின் தலையில் விழுகிறது. இடுப்பு தூக்கவேண்டிய மூட்டையைக் கெண்டைக்கால் தூக்குகிறது. சித்தப்பாவின் கணக்கு சரியாகிவிட்டதல்லவா?

கெண்டைக்கால் களைப்பது புரிகிறது. ஆனால் அது ஏன் களைப்போடு நிற்காமல் கல்லாக இறுகுகிறது?

இதற்கு முதலில் கிடைத்த விடை உப்பு. சொன்னவர்களில் ஒருவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். மூழ்குவோருக்கு அவர் தெரிந்த பெயர். ஆழத்திலிருந்து எவ்வளவு மெதுவாக, எந்தெந்தப் படியில் நின்று மேலே வரவேண்டும் என்று ஆடுகளை வைத்துச் சோதித்து, 1908-இல் முதல் அட்டவணையை வெளியிட்டவர் அவர். அதே மனிதர் பிற்காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தின் வெக்கையில் வேலை செய்வோருக்கு வரும் தசைப்பிடிப்பைப் பற்றியும் யோசித்தார். அவருடைய சகாவான நெவில் மாஸ் 1923-இல் எழுதிய ஆய்வு, வியர்வையில் உப்பை இழந்து வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடிக்கும் தொழிலாளிக்குத்தான் பிடிப்பு வருகிறது என்றது. குடிநீரில் கொஞ்சம் உப்பைக் கலந்து கொடுத்தார்கள். பலன் இருந்தது.

அறுவடைக் காலத்தில் எங்கள் வயலுக்குத் தூக்குவாளியில் போன நீராகாரத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. உப்புப் போட்ட நீர், கூடவே ஒரு துண்டு ஊறுகாய். யாரும் ஆய்வு செய்து கொண்டுவந்ததில்லை. சித்திரை வெயிலில் குனிந்து நிமிர்ந்த உடம்பு கேட்டு வாங்கியது.

ஆனாலும் உப்புக் கணக்கு ஓரிடத்தில் இடிக்கிறது. வியர்வை உடம்பு முழுக்க வழிகிறது, உப்பு ரத்தம் முழுக்கக் குறைகிறது. அப்படியிருக்க, வேலை செய்த ஒரே ஒரு கெண்டைக்கால் மட்டும் பிடித்துக்கொள்வானேன்? இழுத்து நீட்டியதும் ஒரு சிட்டிகை உப்புகூட உள்ளே போகாமல் பிடிப்பு விடுவானேன்? 1997-இல் தென்னாப்பிரிக்காவின் மார்ட்டின் ஷ்வெல்னஸும் அவர் குழுவினரும் வேறு விளக்கம் தந்தார்கள். தசைக்குள் நீட்சியை அளக்கும் உணர்விழைகள் இருக்கின்றன. அவை "சுருங்கு" என்று முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. தசை எலும்போடு ஒட்டும் நாணில், கமிலோ கோல்கையின் பெயர்தாங்கிய இன்னோர் உணர்வுறுப்பு, இழுவிசை கூடும்போது "போதும், தளர்" என்கிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை தசை சொல்பேச்சுக் கேட்கும். களைத்த தசையில் முதல் குரல் ஓங்குகிறது, இரண்டாவது குரல் மங்குகிறது. தசை ஏற்கெனவே குறுகிய நிலையில் இருந்துகொண்டே மேலும் சுருங்கினால் நாணில் இழுவிசையே இருக்காது. "தளர்" என்று சொல்ல ஆளில்லை.

ஃபின் மாட்டிய பாதத்தை எண்ணிப் பாருங்கள். நுனி பின்னோக்கி நீண்டிருக்கிறது. அந்த நிலையில் கெண்டைக்கால் குறுகித்தான் இருக்கும். அதே குறுகிய நிலையில் அரைமணி நேரம் உதைக்கச் சொல்கிறோம். குரக்களிக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேறில்லை. பயிற்சியாளர் என் பாதத்தை மடக்கி அழுத்தியபோது கெண்டைக்கால் நீண்டது, நாண் இழுபட்டது, மங்கிக்கிடந்த குரல் மறுபடி ஒலித்தது.

ஊறுகாய்க்கும் இதில் ஓர் இடம் கிடைத்தது. 2010-இல் அமெரிக்காவில் கெவின் மில்லர் குழுவினர், மின்தூண்டலால் பாதத்தில் பிடிப்பை வரவழைத்து, வெள்ளரி ஊறுகாய்ச் சாற்றையும் தண்ணீரையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் குடித்தபோது பிடிப்பு விட சுமார் 134 நொடி ஆனது. சாறு குடித்தபோது சுமார் 85 நொடி. அந்த நேரத்துக்குள் சாற்றின் உப்பு குடலைத் தாண்டி ரத்தத்தில் கலந்திருக்க வழியில்லை. நாக்கிலும் தொண்டையிலும் பட்ட புளிப்புதான் நரம்பு வழியே தசையைத் தளர்த்தியிருக்கவேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். ஆழத்தில் ஊறுகாய் தின்ன முடியாது. ஆனாலும் கோளாறு நரம்பில் இருக்கிறது என்பதற்கு இந்தச் சோதனை நல்ல சாட்சி. மக்னீசியம் மாத்திரையின் மேல் நம்பிக்கை வைக்கவேண்டாம். காக்ரேன் அமைப்பு 2020-இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, முதியோரின் கால்பிடிப்புக்கு அதனால் பெரிய பலன் இருக்கும் என்று தோன்றவில்லை என்றது.

உப்பையும் நீரையும் ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். கடலில் மூழ்கியதும் நீரின் அழுத்தம் கால்களிலுள்ள ரத்தத்தை மார்புக்கு ஏற்றுகிறது. இதயம் விரிகிறது. ரத்தம் மிகுந்துவிட்டதென்று தப்பாக எண்ணிக்கொண்ட உடம்பு சிறுநீரைப் பெருக்குகிறது. மூழ்கிய கொஞ்ச நேரத்தில் சிறுநீர் முட்டுவது இதனால்தான். உருளைக் காற்றும் ஈரமே இல்லாத காற்று. ஒவ்வொரு மூச்சிலும் உடம்பின் ஈரம் வெளியேறுகிறது. சிறுநீருக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் படகேறுவோர் உண்டு. அது தப்பு. உப்பிட்ட மோர் குடித்துவிட்டுப் போகலாம். நீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாக வெப்பத்தை உறிஞ்சும். குளிர்ந்த தசை விறைப்பதால், உடல் சூட்டைக் காக்கும் உடையும் பிடிப்புக்கு ஒரு தடுப்பு.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்போர் காலை வருத்தியதே இல்லை. கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால்வைத்துக் கீழே இறங்கினார்கள். வேலை முடிந்ததும் படகிலிருப்பவர் கயிற்றை இழுத்து மேலே ஏற்றினார். ஒரு நிமிட மூச்சை உதைப்பதில் செலவழிக்க அவர்களுக்கு மனமில்லை. தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. இன்று அந்தக் கடலில் மூச்சடக்கி இறங்குகிறவர்களில் முக்கியமானவர்கள் பாம்பன் பக்கத்துக் கடல்பாசிப் பெண்கள். விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி மாட்டி, தீவுகளை ஒட்டிய பாறைகளில் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிக்கிறார்கள். ஒரு நாளில் பல மணி நேரம் தண்ணீரில். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. ஃபின் இல்லாமல், உருளை இல்லாமல், இடுப்பும் மூச்சும் மட்டுமே கருவியாகக் கடலுக்குள் போய்வரும் இந்தப் பெண்களின் உடலறிவை ஸ்கூபா வகுப்புகள் இன்னும் பாடமாக்கவில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

பலவீனமான காலுக்குக் கடலில் இடமே இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஆர்தர் சி. கிளார்க்கைக் காட்டுவேன். ஸ்கூபாவுக்காகவே 1956-இல் இலங்கையில் குடியேறிய அறிவியல் எழுத்தாளர். அவருடைய கூட்டாளி மைக் வில்சன் 1961-இல் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் பெரிய பாசஸ் பாறைத்திட்டில் ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்களோடு கிடந்த கப்பலைக் கண்டார். மறுவருடம் கிளார்க்குக்கு இளம்பிள்ளைவாதம் வந்தது. உடம்பு முடங்கியது. 1963-இல் அந்த வெள்ளியைத் தேடிப்போன பயணத்தில் அவரும் இருந்தார். நீருக்கடியில்தான் தன்னால் முழுமையாக இயங்க முடிகிறது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். நீர் உடம்பின் எடையை வாங்கிக்கொள்கிறது. மிச்சமிருப்பது இழுவைத்தடை ஒன்றுதான். அந்தத் தடை வேகத்தின் வர்க்கத்தில் வளர்கிறது, அதை வெல்லச் செலவாகும் திறன் வேகத்தின் கனத்தில் வளர்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் செலவு எட்டில் ஒன்றாகிவிடும். நிதானம் பாதி மருந்து.

மீதிப் பாதியைத் தரையில் தேடவேண்டும். புதுச்சேரியிலிருந்து திரும்பியபின் நான் ஆரம்பித்தது மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. யோகாசனம் பழகியவர்கள் சேதுபந்தாசனம் என்பார்கள். முழங்காலை மடித்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, முதுகை வளைக்காமல் புட்டத்தை இறுக்கித் தூக்கவேண்டும். ஐந்து நொடி நிறுத்தி மெல்ல இறக்கவேண்டும். பன்னிரண்டு தடவை, சற்று ஓய்வு, மறுபடி பன்னிரண்டு. முதல் வாரம் எனக்குப் பின்தொடைதான் பிடித்துக்கொண்டது. புட்டத் தசை வேலைக்கு வரவில்லை என்று அதற்கு அர்த்தம். குதிகாலை உடம்புக்கு இன்னும் நெருக்கமாக வைத்ததும் சரியானது. இரண்டு காலில் எளிதானபின் ஒரு காலை நீட்டிக்கொண்டு ஒற்றைக்காலால் தூக்கவேண்டும். டிரெண்டலென்பர்க் சரிவு இருக்கிறவர்களுக்கு அப்போது எந்தப் பக்கம் இளைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒருக்களித்துப் படுத்து மேற்காலை உயர்த்துவது பக்கவாட்டுத் தசைக்கு. குதிகால் முதலில் மேலே போகவேண்டும். கட்டைவிரல் மேலே பார்த்தால் வேலை முன்தொடைக்குப் போய்விடும்.

சோயஸை முதலில் நீட்டவேண்டும், பிறகு வலுப்படுத்தவேண்டும். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்ற காலை முன்னே வைத்து, ஊன்றிய பக்கத்துப் புட்டத்தை இறுக்கியபடி இடுப்பை மட்டும் முன்னே நகர்த்தினால் தொடையின் உச்சியில் ஓர் இழுவை தெரியும். அரை நிமிடம் அப்படியே இருக்கலாம். முதுகை வளைத்து இழுவையை ஏமாற்றக்கூடாது. வலுவுக்கு நான் கண்ட நல்ல இடம் கயிற்றுக்கட்டில். அதன் விளிம்பில் இடுப்புவரை குப்புறப் படுத்து, கால்களை வெளியே விட்டு, முட்டியை மடக்காமல் மாறிமாறி உதைக்கவேண்டும். பிறகு மல்லாந்தும் அதையே செய்யவேண்டும். உதைக்கும் வீச்சு ஒரு சாண் போதும்.

கெண்டைக்காலையும் விட்டுவிடக்கூடாது. படிக்கட்டின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை வைத்து, குதிகாலை மெல்ல, நாலு நொடிக்குக் கீழே இறக்கவேண்டும். நீண்ட நிலையில் சுமை தாங்கப் பழகிய தசை குறுகிய நிலையில் அவ்வளவு எளிதில் அடம்பிடிக்காது. தோப்புக்கரணமும், குத்தவைத்து உட்கார்ந்து எழுவதும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தரவேண்டியதில்லை. மறந்தவர்கள் மறுபடி தொடங்கலாம். வாரத்துக்கு மூன்று நாள். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பு தசையை அழைக்கக் கற்றுக்கொண்ட பலம். சதை அதற்குப்பின்தான் தேறும். இரண்டு மாதமாவது விடாமல் செய்துவிட்டுத்தான் நான் மறுபடி கடலுக்குப் போனேன்.

பாதத்தை நெருக்கும் ஃபின் உள்ளங்காலில் பிடிப்பை உண்டாக்கும். புதிதாகத் தொடங்குகிறவர் விறைப்பான நீண்ட ஃபின்னை வாங்குவது, சைக்கிளே ஓட்டாதவர் மாட்டு வண்டியை இழுக்கப் போவதுபோல. கெண்டைக்காலில் லேசாகத் துடிப்பு தெரிந்த உடனே தவளை உதைக்கு மாறிவிடலாம். கால் அகன்று கூடும் அந்த உதையில் உட்தொடை வேலை செய்யும், கெண்டைக்காலுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும்.

பிடித்தேவிட்டால் உதைப்பதை நிறுத்தவேண்டும். மூச்சை அடக்காமல் நிதானமாக விடவேண்டும். கை முட்டியை மூடித்திறந்து, வலிக்கும் இடத்தைக் காட்டினால் கூட்டாளிக்குப் புரியும். ஃபின் நுனியைப் பிடித்து முழங்காலை நீட்டி இழுக்கவேண்டும். முன்தொடையில் பிடித்தால் குதிகாலைப் புட்டத்துக்குக் கொண்டுவரவேண்டும். பின்தொடையில் பிடித்தால் முழங்காலை நீட்டினால் போதும். பயத்தில் விர்ரென்று மேலே ஏறுவதுதான் குரக்களியைவிடப் பெரிய ஆபத்து. ஒரே கால் இரண்டாம் தடவை பிடித்தால் அன்றைய மூழ்கலை அத்தோடு முடித்துக்கொள்ளவேண்டும்.

கரையேறியபின் வரும் ஒரு வலியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. இடுப்பு மூட்டிலோ முழங்காலிலோ தோளிலோ ஆழமாகக் குடைவதுபோல், நீட்டினாலும் மடக்கினாலும் மாறாமல், மேலே வந்து சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ தொடங்கும் வலி அது. கூடவே மரத்துப்போதலோ, அசாதாரணக் களைப்போ, தோலில் அரிப்போ இருக்கலாம். ரத்தத்திலும் திசுவிலும் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகிவிட்டதன் அறிகுறி. ஹால்டேன் ஆடுகளின் காலில் பார்த்தது இதைத்தான். கால் பிடித்துக்கொண்டது என்று நினைத்துத் தைலம் தேய்த்து, விடிந்தால் சரியாகும் என்று படுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் படுக்கக்கூடாது. உடனே தூய ஆக்சிஜன் கொடுத்து, எத்தனை மீட்டர் ஆழத்தில் எத்தனை நிமிடம் இருந்தார் என்ற குறிப்போடு, அழுத்த அறை வசதியுள்ள மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிக் கொண்டுபோகவேண்டும்.